சத்தம் போடாத குக்கர்

"சத்தம் வருமா?" என்று கேட்டேன்.

விற்பனையாளர் குக்கரின் மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே கறுப்பாக, கனமாக ஒரு பாத்திரம். அதை நகத்தால் சுண்டினார்.

"சத்தமா? பூனை நடக்கிற மாதிரி சார். பக்கத்துல நின்னாலும் தெரியாது."

"விசில்?"

"விசிலே கிடையாது."

"மூடி ஆடுமா? ஆவி சீறுமா? வெந்ததும் டக்குனு ஏதாவது விழுமா?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். இந்த விலைக்குக் குக்கர் பார்க்க வருகிறவர்கள் சோறு உதிரியாக வருமா, எவ்வளவு நேரம் சூடு நிற்கும் என்றுதான் கேட்பார்கள் போலிருக்கிறது.

"முடிஞ்சதும் சின்னதா ஒரு மியூசிக் வரும் சார். வேண்டாம்னா அதையும் நிறுத்திக்கலாம்."

என் மகள் என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து வயது. அவள் அம்மா போனதிலிருந்து வெளியே வந்தால் இப்படித்தான் நிற்கிறாள். சட்டையின் அந்த ஒரு மூலை மட்டும் எப்போதும் கசங்கியிருக்கும்.

விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். என் சம்பளத்தில் பாதிக்குமேல். சோறு பொங்குகிற ஒரு பாத்திரத்துக்கு.

"விலையைப் பார்க்காதீங்க சார். இதுக்குள்ள மூளை இருக்கு. புது அரிசியா பழைய அரிசியான்னு அதுவே கண்டுபிடிக்கும். தண்ணி முன்னப்பின்ன ஆனாலும் சமாளிச்சுக்கும். எங்க மாமனாருக்கு இதுல பாதி விவரம் இருந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்." அவரே சிரித்துக்கொண்டார். "அரிசியைப் போடுங்க, பொத்தானை அமுக்குங்க, போயிட்டே இருங்க. திரும்பிப் பார்க்கவே வேண்டாம். வீட்ல ஆளே வேண்டாம் சார்!"

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதைக் கவனித்தேன். ஏன் பார்த்தாள் என்று யோசிக்கவில்லை.

"இங்கேயே ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா?"

"கடையில சோறு பொங்கினா மேனேஜர் என்னைப் பொங்கிடுவார் சார். எடுத்துட்டுப் போங்க. பிடிக்கலைன்னா பத்து நாளைக்குள்ள திருப்பிக் கொடுங்க. ஒரு கேள்வி கேட்க மாட்டேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்தோம்.

லிஃப்ட்டுகளைச் சோதிப்பது என் வேலை. கயிறு அறுந்தால் பிரேக் பிடிக்கிறதா, கதவு சாத்தாமல் பெட்டி நகர்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஏறுகிறவர்கள் பயப்படாமல் இருக்க, அவர்களுக்கும் சேர்த்து நான் பயப்படுகிறேன். அதற்குத்தான் சம்பளம். வீட்டில் பயப்பட வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

என் மனைவி சமையலறையில் இறந்தாள். மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். காலை நேரம். நான் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தேன். அடுப்பில் பிரஷர் குக்கர். ஹாலில் மகள். குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. என்ன இது, இப்படி அடிக்கிறதே என்று கீழ்வீட்டு டீச்சர் மேலே ஏறி வந்தார். அவர் வந்தபோது என் மகள் ஹாலின் நடுவில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாளாம். அவளுக்கு அப்போது இருபது வரைதான் தெரியும். இருபது வந்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாளாம்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் விசில் கேட்டாலும் அவள் எண்ணுகிறாள். உதடு மட்டும் அசையும். மூன்றாவது விசில் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்னைத் தேடுவாள். என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு சுட்டால் திரும்பிப் போய்விடுவாள்.

ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்தபோது அவள் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. அன்றிலிருந்து தாழ்ப்பாள் போடாமல் குளிக்கிறேன்.

வீட்டுக் குக்கரைப் பரணில் ஏற்றினேன். பானையில் சோறு வடிக்கலாம் என்று பார்த்தேன். இரண்டு நாள் சரியாக வந்தது. மூன்றாம் நாள் உலையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் எதையும் நினைக்காமல் வெகுநேரம் உட்கார முடிகிறது. கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. "அப்பா, நாத்தம்" என்று அவள் வந்து தோளை உலுக்கினாள். வீடு முழுக்க கேஸ். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன். அதோடு பானையையும் விட்டேன்.

என்னோடு வேலை செய்கிறவனை எல்லோரும் ஸ்பேனர் என்போம். ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருப்பான். விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுநாளே ஒரு சின்ன மின்சாரக் குக்கரைக் கொண்டுவந்தான்.

"கல்யாணத்துல வந்ததுடா. வீட்டுக்காரி இதுல பொங்கின சோத்தை வெச்சு செவுத்துக்கு ஓட்டை அடைக்கலாம்னு சொல்லிட்டா. வெச்சுக்கோ."

அதன் மூடி தடதடவென்று ஆடியது. வெந்து முடிந்ததும் 'டக்' என்று பொத்தான் மேலே எழும்பியது. மகள் கட்டிலுக்கு அடியில் இருந்தாள். வெளியே வரவில்லை.

ஆக, ரொட்டி. காலையில் ரொட்டி, பள்ளிக்கு ரொட்டி, மாலையில் ரொட்டியும் முட்டையும். கடையில் சோறு வாங்கி வந்தால் தொட மாட்டாள். "இது யார் வீட்டுச் சோறு?" என்று கேட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள்.

என் மனைவியின் அக்கா தையல்கடை வைத்திருக்கிறார். மகளின் கவுன்கள் எல்லாம் அவர் தைத்தவைதான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தவர், வாசலிலேயே அவளைப் பிடித்து நிறுத்தி, கவுனின் இடுப்பில் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் உள்ளே போனது.

"பிடிச்சாப்புல தைச்சுக் கொடுத்தேன் தம்பி. வளர்ற புள்ளைக்கு இறுகணும். இது தொளதொளன்னு இருக்கு."

"சரியா சாப்பிட மாட்டேங்கிறா."

"தெரியுது. நீங்களும்தான். சட்டைக்குள்ள ஆள் இருக்காரான்னு தேட வேண்டியிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. அங்க எங்க வீட்ல அஞ்சு பேர். யாராவது ஒருத்தர் எப்பவும் இருப்பாங்க. இங்க நீங்க ஒருத்தர். உங்களுக்கு ஒண்ணுன்னா அவ மறுபடியும் தனியா நிக்கணும்."

அதே கணக்கை நானும் போட்டிருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். ஒரு வாய் சோறு இந்த வீட்ல, என் கண் முன்னால அவ சாப்பிடணும். இல்லேன்னா பெட்டி கட்டிடுவேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி."

அவர் சொன்னால் செய்கிற ஆள். துணியில் கத்தரி வைத்தால் நடுவில் நிறுத்த மாட்டார்.

அதனால்தான் அந்தக் கடைக்குப் போனது. திரும்பும் வழியில் பேருந்தில் மகள் என் மடியில் தூங்கினாள். கனமே இல்லை. இறங்கி, எதிர்ப்பக்கம் பேருந்து பிடித்து, திரும்பவும் கடைக்கே போனேன். "வருவீங்கன்னு தெரியும் சார்" என்றார் விற்பனையாளர்.

மாலையில் குக்கரை ஹாலில் மேசைமேல் வைத்தேன். அரிசியைக் களைந்து போட்டு, தண்ணீர் ஊற்றி, பொத்தானை அமுக்கினேன். மியூசிக்கை நிறுத்தியிருந்தேன். நீல நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

ஒன்றுமே நடக்கவில்லை. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. மூடியில் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ இருக்கிறது என்பதுகூடத் தெரியவில்லை. செலவழித்ததற்குப் பலன் உண்டு என்று நினைத்தேன். வெகுநாளைக்குப் பிறகு தோள்கள் கொஞ்சம் இறங்கின.

மகள் ஒரு ஸ்டூலைப் போட்டுக் குக்கருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆயிடுச்சா?"

"இல்ல."

"இப்போ?"

"இன்னும் இல்ல. அது தானா ஆகும். நீ போய் விளையாடு."

அவள் போகவில்லை. நான் துணி மடிக்க அறைக்குள் போனேன். பின்னாலேயே வந்தாள். மூக்குக்குக் கீழே விரல். திரும்பிப் போனாள். இரண்டு சட்டை மடிப்பதற்குள் மறுபடியும் வந்தாள். விரல். போனாள். மறுபடியும் வந்தாள். இந்த முறை ஓடி வந்தாள். விசில் இருந்தபோதாவது மூன்று வரை பொறுத்திருந்தாள். இப்போது எண்ணுவதற்கு எதுவும் இல்லை. எப்போது வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் எப்போதும் வந்து பார்க்க வேண்டியிருந்தது.

துணியை அப்படியே போட்டுவிட்டு அவளோடு ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது.

"அப்பா, இது தானாவே நின்னுடுமா?"

"நின்னுடும்."

"யாரும் வந்து அணைக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"வீட்ல ஆளே வேண்டாமா?"

கடையில் அவள் நிமிர்ந்து பார்த்தது இப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அந்த மாமா சும்மா சொன்னார்" என்றேன்.

"அப்போ நீங்க எங்க போவீங்க?"

"எங்கேயும் போகல."

அவள் நம்பவில்லை. நீல விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. மூடியைத் திறந்தேன். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், வெள்ளையாக, படத்தில் இருப்பது போல் இருந்தது. தட்டில் போட்டு வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அழக்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் என் மூச்சைப் பார்க்க ஆள் கிடையாது. அது ஒரு நிம்மதியாகவும் தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்கு என்மேலேயே பயம் வந்தது. எழுந்து போய் முகம் கழுவினேன்.

திரும்பி வந்து கேட்டேன். இத்தனை நாள் கேட்காத கேள்வி.

"அம்மா சோறு பொங்கும்போது நீ என்ன பண்ணுவே?"

"எண்ணுவேன்."

"எதுக்கு?"

என்ன கேள்வி இது என்பது போல் பார்த்தாள். "அதுதான் என் வேலை. அம்மா உள்ள பாத்திரம் கழுவுவாங்க. மறந்துடுவாங்க. நான் மூணுன்னு கத்துவேன். அம்மா 'வந்துட்டேன் மேஸ்திரி'ன்னு சொல்லிட்டு வந்து அணைப்பாங்க."

"மேஸ்திரியா?"

"நான்தான் மேஸ்திரி. உங்களுக்குத் தெரியாது. நீங்க ஆபீஸ் போயிடுவீங்க."

தெரியாதுதான். அவள் பயத்தில் எண்ணினாள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். டீச்சர், அக்கா, நான். அவள் அன்று மூன்று என்று கத்தியிருக்கிறாள். பதில் வரவில்லை. பதில் வரும்வரை வேலையை விடக் கூடாது என்று எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சனிக்கிழமை பரணிலிருந்து பழைய குக்கரை இறக்கினேன். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. கடைக்குப் போய்ப் புது வளையம், புது வால்வு வாங்கி மாட்டினேன். மூடியை வெளிச்சத்தில் பிடித்து, ஆவி போகும் துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்தேன். எத்தனையோ மாடி உயரத்தில் தொங்கும் பெட்டிகளைச் சோதித்தவன் நான். இந்தச் சின்னத் துளையை மூன்று தடவை ஊதிப் பார்த்தேன்.

வெயிட்டைக் காணவில்லை. விசிலடிக்கும் அந்தச் சின்ன இரும்பு. எல்லா இழுப்பறைகளையும் இழுத்துப் போட்டேன்.

"என்ன தேடுறீங்க?" என்றாள் மகள், வாசற்படியில் நின்று.

சொன்னேன். அவள் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. ஒரு பழைய காலுறையை எடுத்து வந்தாள். அதன் நுனியில் முடிச்சு. முடிச்சுக்குள் வெயிட்.

"நீயா எடுத்து வெச்சே?"

"கத்தாம இருக்கட்டும்னு."

"நாளைக்குப் போடலாமா? நீ மேஸ்திரி. நான் உள்ள இருப்பேன்."

அவள் காலுறையை என்னிடம் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள். காலையில் சமையலறைக்குப் போனபோது வெயிட் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. காலுறை இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்றவைத்தேன். ஆவி கிளம்பியதும் வெயிட்டைப் போட்டேன். மகள் ஹாலில், அன்று நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். நான் சொல்லவில்லை. அவளே போனாள். இரண்டு காதையும் பொத்தியிருந்தாள்.

முதல் விசில் வந்தபோது அழைப்பு மணியும் அடித்தது. அக்கா, கையில் காலிப் பெட்டியோடு. கதவைத் திறந்தவுடன் சத்தம் அவர் முகத்தில் அறைந்தது போலிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன்.

"உங்களுக்கென்ன பைத்தியமா தம்பி? அந்தப் புள்ளையை வெச்சுக்கிட்டு இதைப் போய்…" கை அடுப்பை நோக்கிப் போனது.

நான் குறுக்கே நின்றேன். "அக்கா, வேண்டாம்."

"நகருங்க."

"அவ சொல்லணும். சொன்னாத்தான் அணைப்பேன்."

"என்ன சொல்லணும்? யார் சொல்லணும்? உங்களுக்கு என்னவோ ஆயிடுச்சு!"

இரண்டாவது விசில். அக்கா பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் முழங்கையைப் பிடித்தார். அவர் தங்கை விழுந்து கிடந்த இடத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். இருவருக்கும் தெரியும்.

வெயிட் நடுங்கியது. சுற்றிலும் நீர்க் கொப்புளங்கள். மூன்றாவது விசில் வந்தது.

ஹாலில் சத்தம் இல்லை.

என் கை தானாகவே அடுப்புத் திருகின்மேல் போயிருந்தது. திருகவில்லை. ஹாலை எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பார்க்கவில்லை. அவள் கூப்பிடாமல் போனால் என்ன செய்வேன் என்று நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. இவளை இன்னொரு தடவை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன், நானே, வேண்டுமென்றே. கயிறு அறுந்த பெட்டிக்குள் நிற்பது போலிருந்தது. பிரேக் பிடிக்கவில்லை.

நான்காவது விசில்.

"மூணு" என்று ஒரு குரல் வந்தது. கீச்சென்று, பாதி உடைந்து. பிறகு கத்தல். "மூணு! மூணு!"

"வந்துட்டேன்!" என்றேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. திருகினேன். நெருப்பு அடங்கியது.

அவள் ஓடி வந்து வாசற்படியில் நின்றாள். மூச்சு வாங்கியது. கன்னம் நனைந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூக்குக்குக் கீழே விரல் வைக்கவில்லை.

"மேஸ்திரின்னு சொல்லல."

"வந்துட்டேன், மேஸ்திரி."

"நாலு ஆயிடுச்சு" என்றாள். "லேட்டு."

அக்கா சமையலறைச் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சோறு குழைந்து போயிருந்தது. மகள் மூன்று வாய் சாப்பிட்டாள். நான்காவது வாய்க்கு என்னைப் பார்த்துவிட்டு அதையும் சாப்பிட்டாள். கிளம்பும்போது அக்கா கவுனின் இடுப்பில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அதே ரெண்டு விரல்தான்" என்றார். "அடுத்த வாரமும் வந்து பார்ப்பேன். விட்டுட்டேன்னு நினைக்காதீங்க." காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் மாலை விலை உயர்ந்த குக்கரைப் பழையபடி அட்டைப்பெட்டியில் வைத்துக் கடைக்கு எடுத்துப் போனோம். விற்பனையாளர் மூடியைத் திறந்தார். பாத்திரத்தைத் தட்டினார். வயரை நீவிப் பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு? கேள்வி கேட்க மாட்டேன்னு சொன்னேன், ஆனா கம்ப்யூட்டர் கேட்குது. என்ன குறைன்னு போடட்டும்?"

"சத்தம் வரமாட்டேங்குது" என்றேன்.

அவர் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதையே தட்டச்சு செய்தார்.

நடந்தே திரும்பினோம். விளக்குப் போடும் நேரம். தெருவில் இரண்டு பக்கமும் மாடி வீடுகள். எந்த ஜன்னல் என்று தெரியவில்லை, ஒரு குக்கர் விசிலடித்தது. மகள் நின்றாள். என் சட்டையை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தாள். நானும் நின்றேன்.

இரண்டாவது. பக்கத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்.

மூன்றாவது.

அவள் விரல்கள் என் கையை இறுக்கின. நான் மூச்சுவிடவில்லை. மேலே ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான்காவது வரவில்லை. எங்கோ ஒரு வீட்டில் யாரோ வந்து அணைத்திருக்கிறார்கள்.

"வாங்கப்பா" என்றாள் மகள். நடந்தோம்.